எழுத்துக்கு ஒரு வினாடி

அவளோடு பேச வேண்டுமானால் உம் கொட்ட வேண்டும். இது எனக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. வேலைக்குச் சேர்ந்த அன்று பக்கத்து நாற்காலியிலிருந்து ஏதோ சொல்லத் தொடங்கினாள். நான் திரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். திரும்பினால், கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, நிறுத்திட்டீங்க?"

"நீ உம் கொட்டலையே."

"கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"கேக்குறது உனக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேணாமாத்தா?"

என்னைவிட மூன்று வயது பெரியவள். தினமும் கெங்குவார்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள். அலுவலகத்தில் பாதிப் பேர் அவளை ஊர்ப் பெயரால்தான் சொல்வார்கள். "கெங்குவார்பட்டிக்கு போன் போட்டா நமக்குத் தொண்டை வத்திரும்ப்பா" என்று எதிர் மேசைக்காரர் கேலி செய்வார். அவள் வாயைத் திறந்ததும், கேட்காமலேயே "ம்... ம்... ம்..." என்று வரிசையாக விடுவார். அவள் அசரமாட்டாள். "இவரு முன்கூட்டியே கொட்டுறாரு. இது செல்லாது" என்று என் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒருமுறை பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மாவிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டு வந்தாளாம். பெரியகுளத்தில் அந்த அம்மா தூங்கிவிட்டாராம். இவள் கதையை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். தேனி நெருங்கும்போது அம்மா கண் விழித்து, "ஏத்தா, அப்பறம் அந்த மாப்பிள்ளை வந்தாகளா?" என்று கேட்டாராம். விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தாளாம். இதை எங்களிடம் ஒரு சாதனையைப் போலச் சொன்னாள். நானும் உம் கொட்டினேன். அப்படி நாளொன்றுக்கு எத்தனை கொட்டியிருப்பேன் என்று பிறகு பல முறை யோசித்திருக்கிறேன்.

எங்கள் அலுவலகம் தேனியில் ஒரு டயர்க் கடையின் மாடியில் இருக்கிறது. தோட்டங்களுக்குச் சொட்டுநீர் விடும் பெட்டிகள் செய்கிறோம். பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு கணினி. மின்சாரம் வந்ததும் அது தன்னை எழுப்பிக்கொண்டு, நேரம் பார்த்து, மோட்டாரைப் போட்டு, வால்வைத் திறக்க வேண்டும். எழுந்து நிற்பதற்கு முன் சில வினாடிகள் உண்டு. அப்போது அதற்குத் திரை கிடையாது, இணையம் கிடையாது. சீரியல் போர்ட் என்று ஒரு சின்ன வாய் மட்டும் இருக்கும். அதில் ஒரு கேபிளைச் செருகி லேப்டாப்பில் பார்த்தால், தனக்கு என்ன நடக்கிறது என்பதை வரிவரியாகச் சொல்லும். நினைவகம் இவ்வளவு, கடிகாரம் இது, பாகங்களை இயக்கும் டிரைவர் நிரல்களில் இது ஏறியது, இது ஏறவில்லை. இயங்குதளம் விழிக்கும் அந்த முதல் நேரம்தான் அவளுடைய வேலை. எழுந்த பிறகு நடப்பதெல்லாம் என் வேலை.

முதல் போர்டு வந்தபோது மூன்று வரி சொல்லிவிட்டு ஊமையாகிவிட்டது. செத்துவிட்டதா, உயிரோடு இருந்தும் பேசவில்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் இயங்குதளத்தின் கருவான கர்னலைத் திறந்து ஒவ்வொரு படியிலும் ஓர் ஆங்கில எழுத்தை வைத்தாள். ஏ, பி, சி என்று. எந்த எழுத்து வரை வருகிறதோ அதுவரை உயிர் இருக்கிறது என்று பொருள். நான்கு நாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எம் வந்தது, என் வரவில்லை. எம்முக்கும் என்னுக்கும் நடுவில்தான், முதலில் தற்காலிகமாகப் பேசும் சின்ன டிரைவர் நிரந்தர டிரைவரிடம் பொறுப்பைக் கொடுக்கிறது. அந்தக் கைமாற்றத்தில், வேலையில்லாத கடிகாரங்களை அணைக்கும் இன்னொரு பகுதி, சீரியல் போர்ட்டின் கடிகாரத்தையும் சேர்த்து அணைத்துக்கொண்டிருந்தது.

"பேசிக்கிட்டிருக்க வாயவே வேலையில்லாத வாயின்னு மூடியிருக்காக" என்று சொல்லிச் சிரித்தாள். திருத்தியதும் வரிகள் திரையில் கடகடவென்று ஓடின. அவள் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

அவளிடம் எனக்குப் பிடித்தது இதுதான்: போர்டு சொன்ன ஒரு சொல்லைக்கூட அவள் வீசமாட்டாள். ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் வந்த வரிகளை முழுதாகக் கோப்பாக்கி, பொதுவான இடத்தில் தேதி போட்டு வைப்பாள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அவள் கைப்பட ஒரு வரி இருக்கும். 'செவ்வாய். மழை. சார் ஊர்ல இல்ல. எம் வரைக்கும்.' 'வெள்ளி. புது போர்டு. உளுந்தவடை. ரெண்டாந்தடவ சரி.' இடம் போதவில்லை, பழையதை அழிக்கலாமா என்று ஒருநாள் கேட்டேன்.

"அழிக்க நம்ம யாருத்தா? அது சொன்னது சொன்னதுதான்."

நான் பட்டியல் போடுகிறவள். கடைக்குப் போகவும் பட்டியல், காய்ச்சல் வந்தால் மாத்திரைக்கும் பட்டியல். பெட்டிகளை வெளியே அனுப்பும் முன் சரிபார்க்க முப்பத்தொரு வரியில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அவள் கோப்புகளும் என் பட்டியலும் இருந்தால் எதுவும் தப்பாது என்று நம்பினேன். அம்மாவிடம் அவளைப் பற்றிச் சொல்லும்போது, "பொய் சொல்லத் தெரியாதும்மா அதுக்கு" என்றிருக்கிறேன்.

பெட்டி ஓரளவு தேறியதும், கேரள எல்லையோரம் லோயர் கேம்ப் என்ற ஊரில், கால்வாயை ஒட்டிய ஒரு பம்ப் வீட்டில் முதல் பெட்டியை வைத்தோம். அது கிளம்பியது தெரிந்தும் அவள் நகரவில்லை. கரையில் சம்மணமிட்டு, மடியில் லேப்டாப்பை வைத்து, கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்தாள். அங்கே சில எழுத்துகள் விழுந்துபோயின. எங்கள் கேபிள் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. நூறு எழுத்துக்கு ஒன்றிரண்டு காணாமல்போகும். படிக்க முடியாத அளவுக்கு இல்லை. ஆனால் அவள் முகம் வாடிவிட்டது. பக்கத்து டீக்கடைக்காரர் மலையாளம் கலந்து, "எந்தா மோளே, யாருக்காச்சும் சுகமில்லையா?" என்று கேட்கும் அளவுக்கு.

திரும்பி வந்த வாரம் அதற்கு வழி கண்டுபிடித்தாள். மூன்று கம்பி கேபிளை இழுப்பறையில் போட்டுவிட்டு ஐந்து கம்பி கேபிள் செய்தாள். கூடுதலான இரண்டு கம்பிகளும், ஒரு முனை தயாரா என்று மறுமுனை கேட்டுக்கொள்ள. பெட்டி ஓர் எழுத்தைச் சொல்வதற்கு முன் எதிர்முனை தயாரா என்று பார்க்கும். தயார் என்று வந்தால்தான் சொல்லும். இதற்குப் பெட்டியின் தொடக்க அமைப்பில், சீரியல் வரியின் கடைசியில், ஆர் என்ற ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்தால் போதும். மற்றதை டிரைவர் பார்த்துக்கொள்ளும்.

"இப்ப அது என்னைய மாதிரி ஆயிருச்சு பாரு. உம் கொட்டுனாத்தான் பேசும்" என்றாள்.

"உம் கொட்ட ஆளில்லன்னா?"

"ஒரு செகண்டு பாக்கும். அப்பறம் அந்த எழுத்தச் சொல்லிட்டு, அடுத்த எழுத்துக்கு மறுபடி ஒரு செகண்டு பாக்கும். நம்ம சோதிக்கிற வரைக்குந்தான் இது. அனுப்புறப்ப எடுத்துருவேன்."

நான் உம் கொட்டினேன்.

லோயர் கேம்ப் பெட்டிக்கும் ஒருநாள் போய் அந்த ஆரைச் சேர்த்துவிட்டு வந்தாள். அங்கே மின்சாரம் போவதே அபூர்வம். கேபிளைச் செருகிக் கிளப்பிவிட்டு வந்தால், பிறகு அது மறுபடி எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவது பெட்டி ஓடைப்பட்டியில் என் சித்தப்பாவின் திராட்சைத் தோட்டத்துக்குப் போனது. நான் கேட்டுத்தான் போனது. சித்தப்பா இயந்திரங்களை நம்புகிறவர் இல்லை. பந்தலுக்கு அடியில் காலையும் மாலையும் நடக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் அந்த மாதம் அவர் மகளுக்கு, என் தங்கைக்கு, கோயம்புத்தூரில் பிரசவம். இரட்டைப் பிள்ளைகள் என்பதால் அவளை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். கொடியில் மணிகள் பருத்துக்கொண்டிருந்த நேரம் அது. போவதா இருப்பதா என்று தவித்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வாங்க சித்தப்பா. தண்ணிய பெட்டி பாத்துக்கிடும்."

"பக்கத்துத் தோட்டத்துல ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகவா?"

"யாருகிட்டயும் சொல்ல வேணாம். நான் சொல்றேன்ல."

"நீ சொன்னாச் சரித்தா" என்றார்.

சனிக்கிழமை அவளும் நானும் போய்ப் பெட்டியைப் பொருத்தினோம். ஐந்து கம்பி கேபிளைச் செருகி அவள் எல்லா வரிகளையும் படித்தாள். என் முப்பத்தொரு வரிகளுக்கும் நான் குறி போட்டேன். வால்வு திறந்தது. சித்தி அவளுக்குத் தட்டு நிறையச் சோறு போட்டார். அவள் உம் கொட்டச் சொல்லிச் சொல்லிச் சித்தியிடம் கதை பேசினாள். சித்தி அவளை விட மனமில்லாமல் பஸ் ஏற்றினார். மறுநாள் காலையில் சித்தப்பாவும் சித்தியும் கோயம்புத்தூருக்குக் கிளம்பினார்கள்.

ஒன்பதாம் நாள் சித்தப்பாவுக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் ஒயர்மேன் மாமா. எங்களுக்கு உறவு இல்லை. சித்தப்பாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். அந்த மோட்டார் கொட்டகையில் ஒரு ஒயர் விடாமல் எல்லாம் அவர் போட்டது. அந்த வழியாகப் போனவர், பந்தலைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தியிருக்கிறார். "ஏலே, இல எல்லாம் சுருண்டு கெடக்கு. தண்ணி விடலையாடா?" என்று கேட்டிருக்கிறார். தானே வால்வைக் கையால் திறந்தும் விட்டிருக்கிறார்.

ஒரு நாள்கூடப் பெட்டி தண்ணீர் விடவில்லை. மணிகள் பாதி சுருங்கிவிட்டன. திடீரென்று தண்ணீர் கண்டதும் மிச்சத்தில் பாதி வெடித்தன. சித்தப்பா அன்றே திரும்பி வந்தார். பேரன்களைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்று மட்டும் என்னிடம் சொன்னார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் கேபிளோடு ஓடைப்பட்டிக்கு ஓடினேன். மின்சாரத்தை நிறுத்தி, மறுபடி கொடுத்தேன். வரிகள் கடகடவென்று வந்தன. பத்து வினாடியில் பெட்டி எழுந்து வால்வைத் திறந்தது. மறுபடி நிறுத்தினேன், கொடுத்தேன். இருபது முறை. இருபது முறையும் சரியாக எழுந்தது. பந்தலுக்கு வெளியே நின்று அவளுக்குப் போன் செய்தேன்.

"கேபிள் போட்டுப் பாத்தியா?" என்றாள்.

"ம்."

"எழுத்து எல்லாம் ஒழுங்கா வந்துச்சா?"

"ம்."

"ஒண்ணுகூட விடலையே?"

"ம்ஹூம்."

"அப்பப் பெட்டி சரித்தா. கரெண்டு ஒழுங்காப் பெட்டிக்கு வந்துச்சான்னு பாரு. வயரிங்கப் பாரு. நியூட்ரல் முடிச்சு எங்கயாச்சும் லூசா இருக்கும்."

"ம்" என்றேன்.

அப்படியே போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். ஒயர்மேன் மாமா கொட்டகை வாசலில்தான் நின்றிருந்தார். என் சொல் முடிவதற்குள் உள்ளே போய், ஒவ்வொரு முடிச்சாக இழுத்துக் காட்டினார்.

"இழுத்துப் பாரு ஆத்தா. நீயே இழுத்துப் பாரு. அவுருதா?"

"இழுத்துப் பாத்தாத் தெரியாது மாமா. கரெண்டு ஓடுறப்பதான் விடும்."

"பெட்டி சரியா இருக்குதுன்னு யாரு சொன்னது?"

"இருவது தடவ பாத்தேன். எங்க ஆபீசுலயும் கேட்டேன். அவுக சொன்னாகன்னா சரியாத்தான் இருக்கும்."

மாமா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா மாமாவைப் பார்க்கவில்லை. "படிச்ச புள்ள சொல்லுது" என்றார். மாமா டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தார். அதன்பின் அவர் அந்தத் தோட்டத்துக்கு வரவில்லை. சித்தப்பாவும் கூப்பிடவில்லை. சின்னமனூரிலிருந்து ஆள் வரவழைத்து ஒயர் முழுவதையும் மாற்றினார். நான் அந்த வேலையைப் பார்க்கக் கிளம்பியபோது, அவள் ஒரு மெமரி கார்டை என் கையில் கொடுத்தாள்.

"போறதுதான் போற, இதையும் போட்டுரு. புது வெர்ஷன். சின்னச் சின்ன சுத்தம்தான், பெருசா ஒண்ணுமில்ல."

போட்டேன். அன்றிலிருந்து பெட்டி ஒரு நாளும் தவறவில்லை. புது ஒயர்தான் காரணம் என்று எல்லாருக்கும் தெளிவாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து லோயர் கேம்ப்பில் ஏதோ பராமரிப்புக்காக ஒருநாள் மின்சாரத்தை நிறுத்தினார்கள். திரும்ப வந்தபோது எங்கள் பெட்டி எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தது. அவள் அன்று விடுப்பு. ஐந்து கம்பி கேபிள் அவள் பையில் இருந்தது. நான் இழுப்பறையைக் குடைந்து பழைய மூன்று கம்பி கேபிளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கால்வாய்க் கரையில், அவள் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தேன். மின்சாரத்தைக் கொடுத்தேன். திரையில் ஒரு சதுர அடைப்புக்குறி வந்தது. நின்றது. பிறகு ஓர் இடைவெளி. நின்றது. ஒரு பூஜ்யம். ஒரு புள்ளி. கைவிரலை மடக்கி எண்ணினேன். ஒரு விரலுக்கு ஓர் எழுத்து. டீக்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"எந்தா மோளே, கூட்டுக்காரி வந்நில்லே?"

"இன்னைக்கு லீவுங்க" என்றேன்.

பெட்டி சாகவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் முன் எதிர்முனை உம் கொட்டுகிறதா என்று பார்த்து, ஒரு வினாடி காத்திருந்து, பிறகு சொல்லிக்கொண்டிருந்தது. அது சொல்லி முடிக்க வேண்டிய எழுத்துகள் இருபதாயிரத்துக்கு மேல். அவ்வளவையும் சொல்லி முடித்தால்தான் எழுந்து வால்வைத் திறக்கும். ஐந்தரை மணி நேரம் ஆகும். சித்தப்பா தோட்டத்தில் மோட்டார் லைனில் மின்சாரம் முறை வைத்து வரும். ஒரு முறைக்கு நான்கு மணி நேரம். ஒன்பது நாளும் அந்தப் பெட்டி ஆளில்லாத கொட்டகையில் முதல் எழுத்திலிருந்து தொடங்கி, முடிப்பதற்குள் அணைந்து, மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. நான் கேபிளைச் செருகும்போதெல்லாம் உம் கொட்ட ஆள் வந்துவிட்டது என்று பத்து வினாடியில் சொல்லி முடித்திருக்கிறது.

ஆரை எடுக்க மறந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். மறதி எனக்குப் புரியும். என் முப்பத்தொரு வரிகளில் 'கேபிளைக் கழற்றிவிட்டுப் பார்' என்று ஒரு வரி இல்லை. அதை எழுதத் தோன்றாதவள் நான்தானே. திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேர் தவறையும் சேர்த்து எப்படிச் சொல்வது என்று பட்டியல்கூடப் போட்டேன். சார் கேட்பார், சித்தப்பாவிடம் போக வேண்டும், ஒயர்மேன் மாமா வீட்டுக்கும் போக வேண்டும். அவளையும் கூட்டிக்கொண்டு போவது என்று எழுதினேன்.

மறுநாள் காலை, ஆர் எப்போது சேர்ந்தது என்று தேதி பார்ப்பதற்காக அவள் கோப்புகளைத் திறந்தேன். வேறு எதற்காகவும் இல்லை. ஓடைப்பட்டிச் சனிக்கிழமைக்கு முந்தைய வியாழன் தேதியில் ஒரு கோப்பு இருந்தது. உள்ளே முப்பது நாற்பது வரிதான். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரம் இருந்தது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் ஒரு நிமிடம். தலையில் அவள் வரி: 'வியாழன். மூணு கம்பி கேபிள். எழுத்துக்கு ஒரு செகண்டு. கேபிள் இல்லாட்டி எந்திரிக்கவே மதியம் ஆயிரும். ஆர் எடுக்கணும். திங்கள்.'

மதியச் சாப்பாட்டுக்கு அவள் டப்பாவைத் திறக்கும்போது லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். படித்தாள். மூடியைத் திரும்பப் போட்டாள்.

"திங்கக்கிழம எடுக்கலாம்னுதான் இருந்தேன். சனிக்கிழமையே வைக்கணும்னுட்டாக."

"சனிக்கிழம நீங்களும்தான்க்கா வந்தீங்க."

"அன்னைக்கு எடுத்தா மறுபடி எல்லாத்தையும் சோதிக்கணும். உங்க சித்தப்பா வேற மறுநாள் கெளம்புறாக. ரெண்டு நாள்தானன்னு நெனச்சேன். திங்கக்கிழம ஆபீசுல வேற வேல குடுத்துட்டாக. அப்படியே போயிருச்சு."

"சரி. நான் தோட்டத்துல இருந்து போன் பண்ணேன்ல. அப்பத் தெரியும்ல?"

டப்பாவைப் பைக்குள் வைத்தாள்.

"கேபிள் போட்டுப் பாத்தியான்னு கேட்டீங்க. போட்டா வரும்னு தெரிஞ்சுதான கேட்டீங்க?"

"சொல்லியிருந்தா, நான் இதுவரைக்கும் செஞ்ச அம்புட்டையும் சந்தேகப்படுவாக. உனக்குத் தெரியாது."

"அந்த மெமரி கார்டு?"

"சரி பண்ணித்தான குடுத்தேன்?"

"வயரிங்கப் பாருன்னு சொன்னீங்க."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறாள் என்று தெரிந்தது.

"ஒண்ணொண்ணாத்தான் சொன்னேன். நீ உம் கொட்டிக்கிட்டே இருந்த. ஒரு எடத்துல நீ நிறுத்தியிருந்தா நானும் நிறுத்தியிருப்பேன்."

அடுத்த மாதம் பெங்களூரில் வேலை கிடைத்துப் போனாள். சாரிடம் நடந்ததை எல்லாம் நான் எழுதிக் கொடுத்தேன். அவள் விடைபெறும் கேக்கை வெட்டிய அன்று, எதிர் மேசைக்காரர் கடைசியாக ஒருமுறை வரிசையாக உம் கொட்டி எல்லாரையும் சிரிக்கவைத்தார். அவளும் சிரித்தாள். அவள் கோப்புகள் அனைத்தும் அந்த இடத்திலேயே இருக்கின்றன. அந்த வியாழன் கோப்பும். அதை அழிக்க அவளுக்கு இரண்டு மாதம் இருந்தது. அழிக்கவில்லை. அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

சித்தப்பாவிடம் சொல்லப் போனேன். பந்தலுக்கு அடியில், கவாத்து செய்த மொட்டைக் கொடிகளுக்கு நடுவில் நின்று முழுவதையும் சொன்னேன். அவர் ஒரு உம்கூடக் கொட்டவில்லை. முடித்ததும், "அவன் வீட்டுக்கு நீ போகாத. சொன்னது நீ. கேட்டது நான்ல. நான் போறேன்" என்றார்.

போய்ச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து ஒயர்மேன் மாமா வந்தார். வண்டியை அணைக்காமலேயே கொட்டகை வாசலில் நின்று உள்ளே பார்த்தார். சின்னமனூர் ஆள் போட்ட ஒயர் சுவரில் நேர்க்கோடாக ஓடியது.

"நல்லாத்தான் போட்டுருக்கான்" என்றார். "இதையே வச்சுக்கிடுங்க."

போய்விட்டார். என்னைப் பார்த்தார், ஆத்தா என்று கூப்பிடவில்லை.

இப்போது டிரைவரில் ஒரு மாற்றம் எழுதி வைத்திருக்கிறேன். முதல் எழுத்துக்குப் பதில் வராவிட்டால், அதற்குப்பின் எதிர்முனை தயாரா என்று கேட்பதையே அது நிறுத்திவிடும். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பத்து வினாடியில் சொல்லி முடித்துவிட்டு வேலையைப் பார்க்கும். என் பட்டியலில் இப்போது முப்பத்திரண்டு வரிகள். புதிய வரியை முதலில் வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தாள். போய் ஆறு மாதத்தில் அதுதான் முதல் முறை. எடுத்தேன்.

"கேக்குதா?" என்றாள்.

கேட்டது.

"இங்கன ஒரே மழைத்தா." நின்றாள். காத்திருந்தாள். "இங்கயும் சீரியல் வேலைதான் குடுத்துருக்காக." மறுபடி நின்றாள். அவள் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. அவள் மூச்சும் கேட்டது. "உங்க சித்தப்பாகிட்ட..." என்று தொடங்கி, பாதியில் நின்றாள்.

நான் போனை வைக்கவில்லை. மிச்சத்தைச் சொல்வாள் என்று, கால்வாய்க் கரையில் எண்ணியதுபோல, விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு எண்ணும்போது இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.